வலது கை நகமும் ஒரு பொய் வேண்டுதலும்

நான் சொல்லி எதையுமே கேட்காத என் பிரியமான ஊட்டுக்காரருக்கு,

ஏனுங்க, இப்பவாவது குறுக்கே பேசாமல் கேளுங்க. உங்க கிட்டாரை நான் எடுத்துக்கொண்டேன்.

நாற்பது வருசம் லாரி ஓட்டிவிட்டு, அறுபது வயதில் கிளாசிக்கல் கிட்டார் கற்கிறேன் என்று அஸ்தம்பட்டி வகுப்பில் சேர்ந்தீர்கள். "ஸ்டியரிங் புடிச்ச கைக்குக் கிட்டாரு ஒரு கேடா?" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நான். ஒரு மாதம்தான் போனீர்கள். அப்புறம் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி, இரண்டே நாளில் எல்லாம் முடிந்துபோனது. அப்படிச் சிரித்திருக்க வேண்டாமே என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது.

வேறு பிள்ளைகளுக்காவது உதவட்டும் என்று கிட்டாரைக் கொடுத்துவிட்டு வரத்தான் அந்த வகுப்புக்குப் போனேன். சொல்லித்தரும் பொண்ணு நம் மகளைவிடச் சின்னவள். "ஒருதடவை மடியில வெச்சுப் பாருங்க ஆண்ட்டி" என்றாள். வைத்தேன். இறக்க மனசு வரவில்லை.

இப்போது செவ்வாயும் வியாழனும் சங்ககிரியில் பஸ் ஏறிவிடுகிறேன். வகுப்பு முழுக்கப் பத்து வயசு வாண்டுகள்; சேலைக்காரி நான் ஒருத்திதான். இடது காலைச் சின்ன முக்காலியில் தூக்கி வைக்கணுமாம். வீட்டில் நெல் அளக்கிற படியைக் கவிழ்த்துப் போட்டுக்கொள்கிறேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறிக் கம்பியைத் தொடணும். என் நடுவிரல் சீக்கு மாடு மாதிரி படுத்துக்கொள்கிறது. எல்லா வேலையும் ஆள்காட்டி விரல் தலையில், நம் வீட்டில் என் தலையில் விழுந்த மாதிரி!

வம்பு வந்தது நகத்தால்தான். கம்பியை மீட்ட வலது கையில் நகம் வேணும். கம்பியை அழுத்துகிற இடது கையில் துளிகூட ஆகாது. உங்க அக்கா பேத்தியின் காதுகுத்து விருந்தில் ரசம் ஊற்றினேன் பாருங்க, அக்கா கண்ணில் பட்டுவிட்டது.

"ஏஞ்சாமி, ஒரு கையில மட்டும் நகம் வளத்தியிருக்கறே? வேண்டுதலா?"

வருசம் திரும்பாத வீட்டில் கிட்டார் கற்கிறேன் என்று உங்களை வளர்த்த அக்காவிடம் எப்படிச் சொல்வது? "ஆமாங்க நங்கையா" என்று வாயில் வந்துவிட்டது.

"எந்தம்பிக்காகத்தானே? முடிக்கறன்னிக்குத் திருச்செங்கோட்டு மலைக்கு நானும் கூட வாரேன்" என்று கண் கலங்கினார். சாமி பேரில் பொய், அதுவும் உங்களைச் சொல்லி. தெரிந்தால் அப்புறம் நம் வாசப்படி மிதிப்பாரா? நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

போன ஞாயிறு காலை தேங்காய் பழத்தோடு வந்து நின்றுவிட்டார். "கெளம்பு சாமி, நகத்தை மலையில வெட்டிப் போட்டுட்டு வந்தரலாம்."

இதற்குமேல் தாங்காது. கிட்டாரைத் தூக்கிவந்து, "வேண்டுதலெல்லாம் ஒண்ணுமில்லீங்க நங்கையா, இதுக்குத்தானுங்க" என்று முழுக்கதையும் கொட்டிவிட்டேன். அவர் தேங்காயைக் கீழே வைத்தார், உட்கார்ந்தார்.

"வாசி" என்றார்.

படியைக் கவிழ்த்துப் போட்டு இடது காலைத் தூக்கி வைத்தேன். நீங்கள் மல்லுக்கட்டிய அதே பாடம்தான், எட்டு வரி. மூன்றாவதில் தடுக்கினேன், ஆறாவதில் கம்பி மாறித் தொட்டேன். எப்படியோ கடைசிவரை போய்ச் சேர்ந்தேன்.

"எந்தம்பி எதுவரைக்கும் வாசிச்சான்?"

"ரெண்டு வரிங்க."

உங்க அக்கா சிரித்தார் பாருங்க! முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்தார். "அவன் உட்டுட்டுப் போனதையெல்லாம் நீ வாசிச்சுப்போட்டியே சாமி. இன்னொருக்கா வாசி" என்றார்.

மறுபடியும் வாசித்தேன். அப்புறம் மலைக்கும் போனோம். சாமிக்கென்று எடுத்த தேங்காயை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாதாம்.

உங்க வருசத் திதிக்குச் சொந்தபந்தம் அத்தனையும் கூப்பிட்டு என்னை வாசிக்க வைக்கப்போகிறாராம். தப்பில்லாமல் வாசிப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஒரு பொய் போதும். எத்தனை இடத்தில் தடுக்கினாலும் பாதியில் நிறுத்த மாட்டேன். இது சத்தியமுங்க.

இன்னமும் உங்க ஊட்டுக்காரிதான்,
சரசா