எதிர்ப்பக்கம் சுற்றிய காற்றாடி

புதன்.

இந்தப் பழைய காரை ஏன் விடமாட்டேன் என்கிறேன்? எனக்கே தெரியவில்லை. நாளை கடலைக் கடக்கும் பாலத்து நெரிசலில் இன்ஜின் சூடானால் விற்றுவிடுவதாகக் கணவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

ரேடியேட்டர் காற்றாடி மோட்டாரைக் கழற்றி, உள்ளே தேய்ந்திருந்த கார்பன் பிரஷ்களை நானே மாற்றினேன். காற்றாடி சுற்றியது, சூடு இறங்கவில்லை. ஜுரு ஊர் மெக்கானிக் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"அக்கா, காத்த உள்ள இழுக்கல, முன்னால ஊதுது. காந்தம் இருக்கிற கவர எதிர்ப்பக்கமா திருப்பி மாட்டிட்டீங்க, அதான் தலைகீழா சுத்துது. இந்தப் பழைய கரேத்தாவ வித்துருங்க லா."

"தப்பா மாட்டினது நான்தானே, அண்ணே? நானே கழட்டி மாட்டுறேன்."

மாலையில் மாட்டிவிட்டேன்.

வியாழன்.

பாலத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. இன்ஜினுக்கு இன்னும் சுமை கூட்டிப் பார்க்கக் கணவர் ஏசியை முழுதாகத் திருகிவிட்டார். அப்போதும் தாண்டவில்லை.