குளியலறைக் கைப்பிடி

ஜனவரி 9, வியாழன்

கடும் பனிமூட்டம். எதிர் பிளாக் கூடத் தெரியவில்லை.

நேற்றுக் காலை சரோஜா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். வலது இடுப்பெலும்பு முறிவு. நாளை ஆபரேஷன். அவளுக்குத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். நைட்டி 3, ஸ்வெட்டர், சீப்பு, மூக்குக்கண்ணாடி.

பையை எடுக்கக் கட்டிலுக்கடியில் குனிந்தால் அந்தப் பாக்கெட். சுவரில் மாட்டும் ஸ்டீல் கைப்பிடி. முழங்கால் வலி வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு முன்பே கரோல் பாக் கடைத்தெருவில் வாங்கியது. பிரிக்கக்கூட இல்லை.

ஒவ்வொரு ஞாயிறும் ஒரு காரணம். ட்ரில் மிஷின் இல்லை. டைல்ஸ் உடைந்துவிடும். குளிர் போகட்டும். ட்ரில் மிஷின் பக்கத்து வீட்டு சர்மாஜியிடம் இருக்கிறது. கேட்டதே இல்லை.

பாக்கெட்டை இன்னும் உள்ளே தள்ளிவிட்டு வந்தேன். ஏன் தள்ளினேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

ஆபரேஷன் முடிந்தது. பிளேட் வைத்திருக்கிறார்கள். குர்காவிலிருந்து மீனா வந்துவிட்டாள். ஆபீசுக்கு ஒரு வாரம் லீவு சொல்லியிருக்கிறாள்.

மாலையில் சரோஜாவுக்கு மயக்கம் தெளிந்ததும் மீனா கேட்டாள்: "பாத்ரூம்ல ஹேண்டில் போடறதா சொன்னியேம்மா. அது என்ன ஆச்சு?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அப்பா கடை கடையா ஏறி எறங்குனாங்க, மீனா. நல்லதா ஒண்ணும் கெடைக்கல." நாக்கு குழறியது. ஆனாலும் முழுசாகச் சொல்லி முடித்தாள்.



ஜனவரி 11, சனி

சர்மாஜி வீட்டு மணியை அடித்தேன். "பாபிஜி எப்படி இருக்காங்க?" என்று இந்தியில் சரோஜாவைப் பற்றி விசாரித்துக்கொண்டே மிஷினை எடுத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

நான்கு ஓட்டை. நான்கு ஸ்க்ரூ. இருபத்தைந்து நிமிடம். ஒரு டைல்கூட விரியவில்லை. விரிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு கை நிற்கவில்லை. சமையலறைக் குழாய் வாஷர், பால்கனிக் கதவுத் தாழ்ப்பாள், அவள் தையல் மிஷின் பெல்ட், எரியாத ட்யூப் லைட். எல்லாம் அவள் வாயால் கேட்டவை. எல்லாமே ஒரே பகலில் முடிந்துவிட்டன. எத்தனை வருஷம்!

ஜனவரி 13, திங்கள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் மீனாவிடம் சொல்லிவிட்டேன். கைப்பிடி வாங்கி வைத்திருந்தது, மாட்டாதது, அம்மா எனக்காகப் பொய் சொன்னது, எல்லாம்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நான் ஆள் அனுப்பறேன்னு மூணு தடவை சொன்னேன்ப்பா. அம்மாதான் வேண்டாம், அப்பா செஞ்சிருவாங்கன்னு சொல்லிட்டா."

எழுந்து டீ வாங்கப் போனாள். ஒரு டீயோடு திரும்பி வந்தாள். என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 18, சனி

வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. வாக்கர் பிடித்து ஏழெட்டு அடி நடந்தாள். குளியலறை வாசல் குறுகல், வாக்கர் நுழையவில்லை. கட்டிலோரம் கமோடு நாற்காலி போட்டிருக்கிறது.

வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தாள். புதுக் கைப்பிடி பளபளத்தது.

"மாட்டிட்டீங்களா?"

"ம்."

"நல்லாருக்கு."

அவ்வளவுதான். திரும்ப வாக்கரை நகர்த்த ஆரம்பித்தாள். திட்டியிருக்கலாம்.

டாக்டர் சொன்னது: பிசியோதெரபி உடனே தொடங்க வேண்டும். தள்ளிப்போட்டால் கால் மடங்காமல் விறைத்துவிடும். பிசியோ நம்பர் சீட்டில் இருக்கிறது. மீனா நாளை குர்காவ் திரும்புகிறாள்.

ஜனவரி 20, திங்கள்

கொஞ்சம் வெயில். காலை பால், கஞ்சி, மாத்திரை 4. துணி துவைத்தேன்.

மதியம் மூன்று மணி. சரோஜா கேட்டாள்: "ஏங்க, பிசியோவுக்குப் போன் பண்ணியாச்சா?"

துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். "நாளைக்குக் காலைல பண்ணிடறேன்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. கையில் ஈரச்சேலை. அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"போனை இப்படிக் குடுங்க."

"இல்ல சரோஜா, இப்பவே நானே..."

"குடுங்கங்கேன்."

கொடுத்தேன். படுத்தபடியே சீட்டைப் பார்த்து எண்களை அழுத்தினாள். அவள் இந்தி காய்கறிக்காரனோடு நின்றுபோன இந்தி. "பையா, ஆஜ் ஹீ ஆனா. கல் நஹி." இன்றைக்கே வர வேண்டும், நாளைக்கு வேண்டாம். இரண்டு தடவை சொன்னாள். பிளாக் நம்பரை அவளே சொன்னாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"அஞ்சு மணிக்கு வாரானாம். கதவைத் தொறந்து வைங்க."

இரண்டு மணி நேரம் இருந்தது. திறந்து வைத்தேன்.