நீ சொல்லியிருப்பாய் என்று நான் சொன்னது

இன்று காலை கண்டெய்னர் லாரியை யார்டில் விட்டுவிட்டு வந்து வீட்டுக் கதவைத் திறந்தேன். உள்ளே வலிக் களிம்பு வாசம். மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்கிற அந்தப் பழைய வாசம். ஒரு கணம் நீதான் உள்ளே உட்கார்ந்து பிள்ளையின் காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்துவிட்டேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். உள்ளே சதீஷ் மட்டும்தான் இருந்தான். சுவரில் சாய்ந்து, வலது காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே தானே தேய்த்துக்கொண்டிருந்தான்.

உன் பிள்ளை பட்டாளத்திலிருந்து வந்துவிட்டான். லீவில் வரவில்லை. இனி அங்கே போகப்போவதும் இல்லை. அவன் வந்த நாளிலிருந்து இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். லோடு இறக்கி வந்து படுத்தால் உடம்பு கட்டையாகிவிடுகிறது, எழுந்தால் அடுத்த லோடு. நாள் தள்ளிக்கொண்டே போய்விட்டது.

முதல் தடவை ஆள் எடுப்புக்குப் போய் ஓட்டத்தில் தோற்று வந்தானே, அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. போகட்டும், துறைமுகத்தில் ஏதாவது வேலைக்குச் சேர்த்துவிடலாம் என்று உள்ளுக்குள் நிம்மதிகூடப் பட்டேன். நீ அப்படி இல்லை. மறுநாள் விடிவதற்குள் அவனை எழுப்பி, உன் தம்பியின் எக்ஸெல் வண்டியை வாங்கிக்கொண்டு எண்ணூர் கடற்கரைச் சாலைக்குக் கிளம்பிவிட்டாய். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, நாய் விரட்ட ஒரு குச்சியை ஹேண்டிலில் செருகிக்கொண்டு, அவன் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு போவாய். அப்புறம் திருவொற்றியூருக்குப் போய் சத்துணவுக்கூடத்தில் அடுப்பு மூட்டுவாய். உனக்குக் களைப்பே கிடையாதா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

ஒருநாள் விடியற்காலையில் கண்டெய்னர் வரிசையில் என் வண்டி நின்றுகொண்டிருந்தபோது உங்கள் இருவரையும் பார்த்தேன். அவன் கரையோரக் கருங்கற்களின் மேல் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நீ வண்டியை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாய்.

"நோவுதும்மா."

"நோவட்டும். குந்திகினா மட்டும் நோவாதா? எயுந்திரு."

நான் கேபினிலிருந்து இறங்கி வந்து, "வுடும்மே, புள்ள காலு" என்றேன்.

"நீ உன் வண்டியப் பாருய்யா. இத்த நான் பாத்துக்கறேன்."

அவன் எழுந்து ஓடினான். கொஞ்ச தூரம் நொண்டி, பிறகு நேராக. நீ திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் ஜெயித்த களை இருந்தது. ஆனால் அன்று மாலை நான் வீட்டில் படுத்திருக்க, நீ அவன் காலில் களிம்பு தேய்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். மெதுவாகக் கேட்டாய்: "நான் புள்ளைய ரொம்ப வெரட்றனாய்யா?" நான் பாதித் தூக்கத்தில், "அதெல்லாம் இல்லம்மே" என்றேன். நீ கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே எழுந்து போனாய்.

அடுத்த ஆள் எடுப்பு வந்தபோது நீ இல்லை. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அவன் அந்த ஓட்டத்தில் ஜெயித்தான். முன்னால் ஓடிய கூட்டத்தில் அவனும் இருந்தான். வீட்டுக்கு வந்து உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். உன் தம்பி மதன் படகுக்காரப் பையன்களோடு சேர்ந்து தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டினான். யாரோ ஒரு சிப்பாயின் உடம்பில் நம் பிள்ளையின் தலையை ஒட்டி, நம் ஊர்ப் பெயரைச் சேர்த்து, காத்திவாக்கத்தின் சிங்கம் என்று எழுதியிருந்தான். நீ பார்த்திருந்தால் மீசை கோணல் என்று சண்டைக்குப் போயிருப்பாய்.

பயிற்சிக்குப் போன சில மாதங்களிலேயே அந்த வலது கால் எலும்பில் முடி மாதிரி ஒரு விரிசல். பட்டாள ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, ஆறிய பிறகு அடுத்த பேட்ச்சில் சேர்த்தார்கள். பாரம் தூக்கிக்கொண்டு ஓடும் பயிற்சி வந்ததும் அதே இடத்தில் மறுபடி. மறுபடியும் படுக்கை, அதற்கும் அடுத்த பேட்ச். கூடச் சேர்ந்த பையன்கள் பயிற்சி முடித்து பேண்டு வாத்தியத்தோடு அணிவகுத்துப் போனதை இவன் ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் இதைச் சொல்ல மாட்டான். "சாப்ட்டியா நைனா, வண்டி ஒழுங்கா ஓடுதா" என்பான். நானும், "நீ துன்னியா" என்பேன். அப்பனும் பிள்ளையும் பேசியது அவ்வளவுதான். எங்கள் இருவர் பேச்சையும் சேர்த்து நீதானே பேசிக்கொண்டிருந்தாய்.

மூன்றாவது முறையும் விரிசல் விட்ட பிறகு, ஞாயிறு இல்லாத ஒரு நாளில் போன் வந்தது. நான் துறைமுக வரிசையில் நின்றிருந்தேன். உச்சி வெயில், கேபின் கொதிக்கிறது.

"நைனா, அடுத்த வாரம் மெடிக்கல் போர்டு. டாக்டருங்கல்லாம் குந்தி, என்னிய வெச்சிக்கறதா வூட்டுக்கு அனுப்பறதான்னு முடிவு பண்ணுவாங்க."

"இன்னா சொல்வாங்க?"

"அனுப்பிடுவாங்கன்னு தான் தோணுது. ஆனா நோவே இல்லன்னு சொல்லி, மாத்திரை போட்டுகினு ஓடிக் காட்டினா இன்னொரு சான்ஸு கேக்கலாம்னு பசங்க சொல்றானுங்க."

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"இன்னொரு வாட்டி போச்சுன்னா முழுசா ஒடஞ்சிடும், கம்பி வெக்கணும்னாரு." பிறகு கேட்டான்: "அம்மா இருந்தா இன்னா சொல்லியிருக்கும் நைனா?"

முன்னால் நின்ற வண்டி நகர்ந்துவிட்டது. பின்னாலிருந்து ஹாரன்மேல் ஹாரன். நான் கியர் போடவில்லை. அவன் என்னைக் கேட்கவில்லை, பார். உன்னைத்தான் கேட்டான். கருங்கல்மேல் அவனை எழுப்பிவிட்ட உன் குரலும் என் காதில் கேட்டது, களிம்புக் கையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட குரலும் கேட்டது. முதல் குரல்தான் சத்தமாகக் கேட்டது. அதை நான் சொல்லவில்லை.

"போதும் கண்ணு, வூட்டுக்கு வந்துடுன்னு சொல்லியிருக்கும்" என்றேன்.

"மெய்யாலுமா?"

"மெய்யாலும். உங்கம்மாவ எனக்குத் தெர்யாதா? உள்ளத உள்ளபடி சொல்லிட்டு வந்துடு. நான் டேசனுக்கு வரேன்."

அவன் போனை வைத்தான். நான் வண்டியை நகர்த்தினேன். பின்னால் வந்தவன் என்னைத் தாண்டும்போது கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போனான். அது எனக்கு உறைக்கவேயில்லை.

சென்ட்ரலில் இறங்கியபோது நன்றாகத்தான் நடந்தான். தெரியாதவர்கள் பார்த்தால் லீவில் வந்த சிப்பாய் என்றுதான் நினைப்பார்கள். இரும்புப் பெட்டியை என்னிடம் கொடுக்க மாட்டேன் என்றான். மதன் பிடுங்கி ஆட்டோவில் வைத்தான். தெருமுனை நெருங்க நெருங்க பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். அங்கே ஃப்ளெக்ஸ் இல்லை. வெறும் கயிறு மட்டும் கம்பத்தில் தொங்கியது.

"காத்துல பிச்சிகினு போய்ட்ச்சு மாமா" என்று மதன் என்னிடம் சொன்னான், சதீஷுக்குக் கேட்கும்படி. அந்த வாரம் முழுக்கக் காற்றே இல்லை. ஒரு இலை அசையவில்லை. உன் தம்பியை நீ எப்போதும் பொறுப்பில்லாதவன் என்பாய். அன்று அவன் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வந்த பிறகும் அவன் உடம்பு பட்டாளத்திலேயேதான் இருந்தது. இருட்டிலேயே எழுந்துவிடுவான். போர்வையை மூலை பிசகாமல் மடிப்பான். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் அந்தப் போர்வை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். டீ குடிக்க வெளியே போனால், "எப்ப டூட்டிக்குப் போற?" என்று கேட்கிறார்கள் என்று போவதை நிறுத்திவிட்டான். ஒருநாள் மதன்தான் கடையிலேயே போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தான். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. கேட்காமல் பார்த்தார்கள். இவனுக்கு அது இன்னும் பேஜாராக இருந்தது.

இன்று காலை நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, களிம்பை வாங்கி, காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். இந்த வேலையை நான் செய்ததே இல்லை. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை, எலும்பில் அழுந்தியிருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டான். பிறகு உன் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நைனா. அன்னிக்கு போன்ல சொன்னியே, அத்த அம்மா சொல்லியிருக்காது."

என் கை நின்றுவிட்டது.

"அம்மா எயுந்திருன்னு தான் சொல்லியிருக்கும். எனக்கு அப்பவே தெர்யும்."

"தெரிஞ்சும் ஏன்டா வந்தே?"

"நீ கூப்ட்ட இல்ல." காலை மடக்கிக்கொண்டான். "நீ என்னிய வான்னு கூப்ட்டதே இல்ல நைனா. அதான் வந்துட்டேன்."

அவன் எழுந்து டீ வாங்கி வரப் போனான். தூக்குச் சட்டியோடு, ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து, தெருவில் எல்லார் எதிரிலும் நடந்து போனான். நான் உன் படத்துக்கு எதிரில் உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன்.

நீ மெய்யாகவே என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியாது. எழுந்து ஓடு என்றிருக்கலாம். ஓடியிருந்தால் அவன் முழுச் சிப்பாயாகியிருக்கலாம், கம்பி வைத்த காலோடு கிடந்திருக்கலாம். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அந்த ஒரு பதில் என்னிடம் இல்லை. வரிசையில் வண்டி நிற்கும்போதெல்லாம் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். இனிமேலும் தேடுவேன் என்று நினைக்கிறேன். உன் பெயரைச் சொல்லி நான் பேசிவிட்டேன். கோபம் இருந்தால் என்மேல் வைத்துக்கொள், தாங்குவேன். பிள்ளையை ஒன்றும் சொல்லாதே. அவன், நான் கூப்பிட்டதற்கு வந்தவன்.