பதினொரு உரலும் என் இடது கன்னமும்

4 ஜூன் 1962, திங்கள்

விடியலிலிருந்து மழை. கொட்டகலைப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. வியாழனன்று அட்டனிலிருந்து பல் டாக்டர் வருகிறார். நம் முதியோர் மடத்துக் கிழவர் கிழவிகளுக்காக அல்ல, அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஐந்து ஆயாக்களுக்காக. மடத்துப் பொறுப்பாளர் என்று கையெழுத்திட்டு மூன்று கடிதம் எழுதினேன், சும்மாவா?

தேவை: வெந்நீர், உப்பு, டோர்ச், வராந்தாவில் பெஞ்சு. ஆயாக்களின் வெற்றிலைப் பைகளை வாங்கி வைக்க வேண்டும் (பாக்கியத்திடம் இரண்டு இருக்கும்).

காலையில் ஆயாக்களுக்குக் கண்ணாடி வைத்துப் பல் துலக்கக் காட்டினேன். அடுப்புக்கரி கூடாது என்றேன். பாக்கியம்: "கெழடுங்க வாயெல்லாம் நாங்க கழுவி விடுறோம். எங்க வாய யாரு மிஸ்ஸி பாக்குறா?" அதற்குத்தானே டாக்டர்.

அவர்கள் போனபின் அதே கண்ணாடியில் என் வாய். இடது கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு, கட்டைவிரல் நகமளவு. தேய்த்தேன். போகவில்லை.

அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் வெள்ளை, பிறகு புண், கடைசியில் கஞ்சிகூட இறங்கவில்லை. ஆனால் அம்மா வெற்றிலை போடுவாள். நான் ஒரு நாளும் போட்டதில்லையே.

5 ஜூன், செவ்வாய்

மழைதான். பல்லில்லாத பதினொரு பேருக்கும் வெற்றிலை இடித்தாயிற்று. ஒவ்வோர் உரலிலும் ஒரு சிட்டிகை எடுத்து, சுண்ணாம்பு சுடுகிறதா என்று பார்த்துத் துப்பிய பிறகே கொடுக்கிறேன். போன வருடம் எவளோ சுண்ணாம்பை அள்ளிப் போட்டு, காளிமுத்துத் தாத்தா மூன்று நாள் சோறு தின்னவில்லை. அதிலிருந்து இது என் சட்டம்.

நாக்கு அந்த இடத்துக்கே போகிறது. மஸ்கெலியாவிலிருக்கும் தங்கச்சிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "நலம்" என்பதற்கு மேல் ஓடவில்லை.

வியாழனன்று ஸ்டோரில் வேலை என்று சொல்லி நழுவிவிடலாம். பயம். வேறென்ன?

7 ஜூன், வியாழன்

நழுவ முடியவில்லை.

டாக்டர் நனைந்துகொண்டு வந்தார். சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசுகிறார். குப்பம்மாவுக்கு இரண்டு சொத்தை, பிடுங்க வேண்டும். பாக்கியத்துக்கு ஈறு வீக்கம், புகையிலையை விடச் சொன்னார். ஐந்து பேரும் முடிந்தது. டீ கொண்டுவருகிறேன் என்று எழுந்தேன். பாக்கியம் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்கல்லாம் தெறந்து காட்டியாச்சு. நீங்க மட்டும் என்ன தொரசானியா? ஒக்காருங்க மிஸ்ஸி."

உட்கார்ந்தேன். டாக்டர் டோர்ச் அடித்தார். இடது கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்துப் பார்த்தார். எனக்கு அம்மாவின் கஞ்சிக் கிண்ணம் ஞாபகம் வந்தது.

"வெத்தல போடுவீங்களா?"

"ஒரு நாளும் இல்லை, டாக்டர்."

"அடியாத்தே!" பாக்கியம்தான். "பதினோரு ஒரல்லயும் எடுத்து எடது கன்னத்துல ஒதுக்கிப் பாக்குறது யாரு? காலையில ஒருதரம், டீக்குப் பொறவு ஒருதரம். எங்களவிட நீங்கதான் மிஸ்ஸி கூட!"

ஐந்து பேரும் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் அது தோன்றவே இல்லை. துப்பிவிட்டால் கணக்கில்லை என்று இத்தனை நாள் இருந்திருக்கிறேன்!

டாக்டரும் சிரித்தார். "சுண்ணாம்பு சுட்ட மாதிரிதான் தெரியுது. ரெண்டு கிழமை ருசி பாக்க வேணாம். அப்பவும் போகலன்னா அட்டனுக்கு வாங்க, கொஞ்சம் வெட்டி எடுத்துப் பாக்கணும்."

அந்த "அப்பவும்" மட்டும் காதில் நிற்கிறது.

21 ஜூன், வியாழன்

கொஞ்சம் வெயில். துணி காய்ந்தது. குப்பம்மாவுக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறிவிட்டது.

பதினான்கு நாளாக உரலைத் தொடவில்லை. பாக்கியம் தீக்குச்சி முனையில் சுண்ணாம்பு அளந்து போடுகிறாள். காளிமுத்துத் தாத்தா: "என்னம்மா, சப்புன்னு கெடக்கு." கிடக்கட்டும்.

கண்ணாடி பார்க்கத் தைரியமில்லை. டோர்ச்சைப் பாக்கியத்திடம் கொடுத்தேன். பார்த்தாள். திருப்பியும் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்ல மிஸ்ஸி. செக்கச்செவேல்னு இருக்கு."

டோர்ச்சைப் பிடுங்கிக் கண்ணாடியில் நானும் பார்த்தேன். இல்லை. ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுது தீர்த்தேன். தங்கச்சிக்கு இனி தாராளமாக எழுதலாம்.

வெளியே வந்தால் வராந்தா பெஞ்சில் நான்கு பேர் வரிசையாக, வாயைத் திறந்துகொண்டு. "எங்களதயும் பாருங்க மிஸ்ஸி" என்கிறாள் குப்பம்மா. நான் கூப்பிடவே இல்லை.

பாக்கியம் மட்டும் மழைத்தண்ணீர் ஓடும் கானோரம் போய்ப் புகையிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.