இன்னொரு மஞ்சள் சட்டை

திருமுல்லைவாயில்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள ஆன்டோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் இங்கே இருக்கிறோம். நன்றாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அது பாதிப் பொய்யாகிவிடும் என்பதால் இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நீயும் கனிமொழியும் குழந்தையும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபமாலையில் வேண்டிக்கொள்கிறேன், உன் மேல் கோபமாக இருக்கிற நாட்களிலும் அதை விட்டதில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயெடுத்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. தவிர, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அவர் உன்னிடம் சொல்லக்கூடாது என்று தடுத்த ஒன்றை இதில் எழுதப்போகிறேன். இப்போது சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்.

போன புதன்கிழமை ஓர் ஆள் டாடா ஏஸ் வண்டியோடு வந்து கேட்டைத் தட்டினான். ரெண்டு கியர் சைக்கிளும் எங்க கீதும்மா, உங்க புள்ள பேசி முடிச்சிட்டாரு, எடுத்துக்கினு போவ வந்தேன் என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவனே செல்போனை எடுத்து நீ போட்ட விளம்பரத்தைக் காட்டினான். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நாங்கள் எடுத்து உனக்கு ஆசையாய் அனுப்பிய படம்தான் அது. எங்கள் இரண்டு பேரையும் வெட்டிவிட்டு சைக்கிளை மட்டும் வைத்திருக்கிறாய், சரியாக வெட்டக்கூட உனக்குப் பொறுமை இல்லை, ஓரத்தில் என் முழங்கை மிச்சமிருக்கிறது. அதற்குள் அப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். அந்த ஆளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவன் வித்தது அவன் ஊட்டு சைக்கிளா இருக்கும்பா, நீ அட்ரஸ் மாறி வந்துட்ட என்று சிரித்தபடியே சொன்னார். அவன் என் முகத்தைப் பார்த்தான், புரிந்துகொண்டான், சாரி பெரியவரே என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். முன்பின் தெரியாதவனுக்கு இருந்த இங்கிதம் அது. அப்பா உள்ளே போய்ப் படுத்தவர்தான், ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை.

அதற்கு முந்தின வாரம்தான் அப்பா போனில் உன்னிடம், கால் தேறிவிட்டது, நவம்பரிலிருந்து மெதுவாகச் சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று சொன்னார். நீ சூப்பர்ப்பா என்றாய். சூப்பர்ப்பா என்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் ஆளை அனுப்புகிறாய். நீ இருக்கிற நெதர்லாந்தில் கோட்டு சூட்டு போட்டவர்களெல்லாம் சைக்கிளில்தான் ஆபீஸ் போகிறார்கள் என்று நீதான் சொன்னாய், கனிமொழி குழந்தையை முன்பெட்டியில் உட்காரவைத்து மழையில் ஓட்டிப் போகிற படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பினாய். அங்கே அது நாகரிகம், இங்கே உன் அப்பனும் ஆத்தாளும் ஓட்டினால் அசிங்கமா? உனக்கு எங்கள் மேல் அக்கறை என்பாய். அக்கறைதான் என்றால் முதலில் எங்களிடம் கேட்டிருப்பாய்.

இது புதன்கிழமை தொடங்கிய கதை இல்லை என்று உனக்கே தெரியும். என் தம்பி, உன் பிராங்க் மாமா செத்த அன்றைக்குத் தொடங்கியது. அதை நீ உன் பெரியம்மா மகள் ஸ்டெஃபி வாயால் கேட்டாய், என் வாயால் ஒரு தரமும் கேட்கவில்லை, இப்போது கேள். அன்று பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல நாங்கள் விடிவதற்கு முன்பே கிளம்பி ஆவடி, பூந்தமல்லி வழியாக ஏரிக்கரைக்குப் போயிருந்தோம். சைக்கிளைச் சாய்த்துவிட்டு இட்லி டப்பாவைத் திறக்கிறேன், பிராங்க் பெண்டாட்டி, உன் அத்தை ஸ்வீட்லின் போன் செய்கிறாள். அண்ணி, இவுரு எய்ந்துக்கவே மாட்டேன்றாரு, எவ்ளோ கூப்ட்டும் பதிலே இல்ல, சீக்கிரம் வாங்கண்ணி என்று அலறினாள். அவர்கள் வீடு இருக்கிற நசரத்பேட்டை அங்கிருந்து எவ்வளவு தூரம், டப்பாவை அப்படியே போட்டுவிட்டு ஓட்டினோம். நாங்கள்தான் முதலில் போனோம். அப்பா அவன் நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தார், ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து போதும் சார் என்று கையைப் பிடிக்கும்வரை விடவில்லை. என் தம்பியின் கண்ணை நான்தான் மூடினேன், தாடையை நான்தான் கட்டினேன். சர்ச் சாமியாருக்குச் சொல்ல, சவப்பெட்டிக்குச் சொல்ல, ஐஸ் பெட்டி கொண்டுவர, எல்லாவற்றுக்கும் அப்பா ஒருவர்தான் அலைந்தார். மயங்கி மயங்கி விழுகிற ஸ்வீட்லினை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேலை கட்டிக்கொண்டு வர எனக்குத் தோன்றவில்லை.

மத்தியானத்துக்கு மேல் எல்லோரும் குளித்து, வெள்ளையும் கறுப்புமாய் உடுத்தி, காரில் வந்து இறங்கினார்கள். அவர்கள் கண்ணுக்குப் பிராங்க் தெரியவில்லை, சைக்கிள் ஓட்டப் போட்டிருந்த எங்கள் மஞ்சள் சட்டைதான் தெரிந்தது. ஸ்டெஃபி ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் அப்பா நிற்பதைப் படம் எடுத்து, துக்க வீட்டுக்கு இப்படியா வருவாங்க என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். போகட்டும், அவள் வாய் தெரிந்ததுதான். நீ என்ன செய்தாய்? எங்களிடம் ஒரு போன் செய்து கேட்கவில்லை. அப்பா அம்மா சார்பா எல்லார்கிட்டயும் சாரி கேட்டுக்கிறேன் என்று போட்டாய். அந்தச் சட்டை யார் வாங்கி அனுப்பியது ஆன்டோ? லாரிக்காரன் கண்ணில் தூரத்திலேயே படணும், இது இல்லாம ரோட்டுக்கே போகக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பியவன் நீதானே. நீ சாரி கேட்ட பிறகு மற்றவர்களுக்குக் கேட்கவா வேண்டும், பெற்ற பிள்ளையே ஒப்புக்கொண்டுவிட்டான் என்றார்கள். முப்பதாம் நாள் பூசையில் என் கூடப்பிறந்த அக்கா நாங்கள் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனாள்.

இப்போது அப்பா சொல்லக்கூடாது என்றதைச் சொல்கிறேன். அதன் பிறகு அவர் சைக்கிளைத் தொடவில்லை, சட்டையைத் துவைத்து மடித்து பீரோவின் அடியில் வைத்துவிட்டார். தவக்காலத்தில் ஒருநாள் மனது தாங்காமல் விடியற்காலையில் தனியாகக் கிளம்பினார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று எடுத்து நீட்டினேன். வேணாம் செலின், யாராச்சும் பாத்தா மறுபடியும் புள்ளதான் சாரி கேக்கணும் என்று சொல்லிவிட்டு, பழைய கருநீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். பருத்திப்பட்டு தாண்டுவதற்குள் தண்ணீர் லாரி இடித்தது. லாரி ஓட்டியவர்தான் தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார், என் காலில் விழாத குறையாக அழுதார். சத்தியமா தெர்லமா, பின்னால லைட்டு குட்டியூண்டு எரிஞ்சிது, கிட்ட வந்தப்புறம்தான் ஆள் இருக்கறதே தெரிஞ்சிது என்றார். உன்னிடம் பாலன்ஸ் தவறி விழுந்துவிட்டார் என்று சொன்னோம். பிள்ளை மனசு கஷ்டப்படும், சொல்லாதே என்று அப்பா ஆபரேஷனுக்குப் போகிற ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு என்னிடம் கேட்டுக்கொண்டார். இத்தனை மாதம் காப்பாற்றினேன். விளம்பரத்தில் என் முழங்கையைப் பார்த்த பிறகு காப்பாற்ற முடியவில்லை. கஷ்டப்படு, கொஞ்சம் கஷ்டப்பட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

தொடையில் பிளேட் வைத்த பிறகு பிசியோதெரபி செய்ய ஜெயப்பிரியா என்று ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள், தங்கமான பெண். மூட்டு மடங்க பெடல் மிதிக்கணும் சார், சைக்கிள் இருக்கா என்று அவளே கேட்டாள். அப்பா முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். லாரி இடித்து நெளிந்ததைச் சரிபண்ணி, பின் சக்கரம் தரையில் படாமல் ஒரு ஸ்டாண்டு அடித்து ஹாலில் நிறுத்தினோம். ஆரம்பத்தில் வலி தாங்காமல் கத்துவார், இப்போது டிவி பார்த்துக்கொண்டே மிதிக்கிறார். நீ விற்கப் பார்த்த சைக்கிள்தான் அவரை எழுப்பி நடக்கவைத்தது.

ஜூலையில் ஒருநாள் ஸ்வீட்லின் வந்தாள். ஷேர் ஆட்டோவில் மாறி மாறி வந்திருக்கிறாள், பாதி உருக்குலைந்து போயிருந்தாள். அப்பாவின் காலைப் பார்த்ததும் உட்கார்ந்து அழுதாள். அண்ணி, அன்னிக்கி கேட்ல நின்னுகினு யாராச்சும் வரமாட்டாங்களான்னு பாத்துகினே இருந்தேன், தெரு முனையில அந்த மஞ்ச சட்ட ரெண்டும் வந்தப்புறம்தான் எனக்கு உசுரே வந்திச்சி, அத நான் ஒரு வார்த்த எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கணும், வாய மூடிகினு இருந்துட்டேன் என்றாள். எல்லோரும் பேசும்போது ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டேன், நறுக்கென்றுதான் கேட்டேன். தனியாகிவிட்டவள், இருக்கிற சொந்தத்தையும் பகைத்துக்கொள்ளப் பயமாக இருந்தது என்றாள். மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை, காபி போட்டுக் கொடுத்தேன். போகும்போது, எனக்கும் சைக்கிள் கத்துக்குடுங்கண்ணி, அந்த ஊட்ல தனியா உக்காந்துகினு இருந்தா பைத்தியம் புடிச்சிடும் என்றாள்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் நசரத்பேட்டைக்கு பஸ்ஸில் போகிறேன், பிராங்க்கின் பழைய சைக்கிளைச் சரிபார்த்து வைத்திருக்கிறோம், ஏரிப் பக்கம் பிளாட் போட்ட காலி ரோடுகளில் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன். இரண்டு தரம் என்னோடு சேர்ந்து முள்ளில் விழுந்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். இப்போது யாரும் பிடிக்காமல் ஓட்டுகிறாள். நவம்பரில் கல்லறைத் திருநாள் வருகிறது. மூன்று பேரும் பிராங்க் கல்லறைக்குச் சைக்கிளில் போவது என்று முடிவு செய்திருக்கிறோம். மழை பெய்தாலும் போவோம். அப்பாவுக்காக மெதுவாகத்தான் போவோம், மெயின் ரோட்டைத் தொடாமல் உள் தெரு வழியாகவே. சொந்தக்காரர்கள் எல்லோரும் மெழுகுவர்த்தியோடு அங்கே நிற்பார்கள், ஸ்டெஃபியும் செல்போனோடு நிற்பாள். நன்றாகப் படம் எடுத்துக் குரூப்பில் போடட்டும். இந்தத் தரம் நீ சாரி கேட்டாயானால் எனக்கு மகன் இல்லை என்று நினைத்துக்கொள்வேன். கோபத்தில் எழுதிவிட்டேன், அந்த வரியை அடிக்க மனம் வரவில்லை, அப்படியே இருக்கட்டும்.

நீயும் கனிமொழியும் நீடூழி வாழ வேண்டும், குழந்தைக்கு எந்தக் குறையும் வராமல் மாதா காக்கட்டும். குழந்தையை உட்காரவைத்து ஓட்டும்போது தலைக்கவசத்தின் வாரை இறுக்கிப் போடச் சொல்.

மறக்காமல் ஒன்று செய். எங்களுக்கு அனுப்பினாயே, அதே கடையில் இன்னொரு சட்டை வாங்கி நவம்பருக்குள் கைக்குக் கிடைக்கும்படி அனுப்பு. ஸ்வீட்லினுக்கு. இளைத்துவிட்டாள், மீடியம் போதும். நிறத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

உன்னைப் பெற்ற அம்மா,
செலின்