நண்டுக்கறிக்கு வந்த கடதாசி

மதிரான், பிரான்ஸ்
12.10.2024

அன்பின் தயாவுக்கு,

நான் சுகமென்று எழுதினால் என் முதுகே சிரிக்கும். இங்கே முந்திரிகைத் தோட்டத்தில் கறுப்புத் திராட்சைப் பழம் வெட்டி முடிந்துவிட்டது. போனில் கதைத்தால் இரண்டாவது நிமிடமே எங்களுக்குப் புருசன் பெண்சாதிச் சண்டை வருகிறது. கடிதத்தில் சண்டை வந்துசேர இரண்டு கிழமையாவது எடுக்கும், அதுவரை நிம்மதி. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்துக் கறுப்புப் பழத்துக்குத் தன்னா என்று பெயர். அதன் வைன் பச்சைப் பாக்குக் கடித்ததுபோலத் துவர்க்கும். கொழுத்த தாரா வாத்து இறைச்சியோடு குடித்தால்தான் அடங்கும். மீனோடு குடித்தால் வாய் முழுக்க இரும்பு ருசி. வெள்ளைப் பழம் பெத்தி மான்சாங். அதை இன்னும் வெட்டவில்லை. கார்த்திகை வரை கொடியிலேயே வாட விடுவார்கள். வாட வாட இனிப்பு ஏறும், புளிப்பும் குறையாது.

மார்கழியில் இங்கே வாடிக்கையாளருக்கு விருந்து. போன வருட வெள்ளைப் பழத்தின் இனிப்பு வைனுக்கு உறைப்பான சாப்பாடு ஒன்று சொல் என்று முதலாளி மதாம் கேட்டா. நான் உம்முடைய நண்டுக்கறியைச் சொல்லிவிட்டேன். செய்முறையை எழுதி, கறித்தூளும் அனுப்பும்.

அன்புடன்,
மயூரதன்

புத்தூர்
05.11.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. இங்கே மழை தொடங்கிவிட்டது. ஈர விறகோடு பள்ளிக்கூடத்தில் இருநூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறேன். பின்னேரம் தோள் கழன்றுவிடும்போல இருக்கிறது.

தூள் இரண்டு கிலோ தனியாக அனுப்பியிருக்கிறேன். வெங்காயம், உள்ளி, பெருஞ்சீரகம் தாளித்து, நண்டை உடைத்துப் போட்டு, தூளும் புளியும் விட்டுக் கொதிக்க விடுங்கள். தேங்காய்ப்பால் கடைசியில். இறக்கும்போது ஒரு கை முருங்கையிலை. அங்கே முருங்கை இல்லாவிட்டால் வேறு இலை போட்டு என் பெயரைக் கெடுக்க வேண்டாம், சும்மா இறக்குங்கள்.

போன வெள்ளிக்கிழமை நமசிவாயம் மாஸ்ரர் றோட்டில் மறித்தார். "பிள்ளை, மயூரதன் முந்திரிகைத் தோட்டத்திலையோ வேலை? ஜூஸ் கொம்பனியோ?" என்று கேட்டார். "ஓம் மாஸ்ரர், ஜூஸ்தான்" என்றேன். கோயிலுக்குப் போகிற வழியில் என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

பழத்தை வாட விட்டால் இனிப்பு ஏறுமாம். ஆளை வாட விட்டால் என்ன ஏறும் என்று உங்கள் மதாமைக் கேட்டு எழுதுங்கள். நீங்கள் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. விசா அலுவல் என்ன ஆயிற்று?

உங்கள்
தயா

மதிரான்
22.12.2024

அன்பின் தயா,

தூள் வந்தது. பாரிஸ் தமிழ்க்கடையிலிருந்து நண்டு எடுப்பித்தேன். நாற்பது பேர் சாப்பிட்டார்கள். ஒரு கிழவருக்குக் கண்ணும் மூக்கும் ஓடியது. ஆளுக்கு உறைப்புத் தாங்காது என்று பயந்தேன். அவர் வைனில் ஒரு மிடறு குடித்துவிட்டு, மறுபடி கறிக்குத் தட்டை நீட்டினார். அந்த வைன் அன்றைக்கே முடிந்துவிட்டது.

மதாம் அடுப்படிக்கு வந்து, இது யாருடைய கைப்பக்குவம் என்று கேட்டா. சொன்னேன். வரும் கோடையில் தோட்டத்திலேயே ஒரு சாப்பாட்டுக்கடை திறக்கிறாவாம். உம்மைச் சமையல்காரியாக எடுக்க விண்ணப்பம் போடப்போகிறா.

என்னுடைய விசா இன்னும் இழுபடுகிறது. குடும்பமென்று உம்மை அழைக்க எனக்கு வழி இல்லை. கடவுள் இப்படி ஒரு வழி திறந்திருக்கிறார் என்று நினையும்.

அன்புடன்,
மயூரதன்

புத்தூர்
09.04.2025

அத்தானுக்கு,

மதாமின் கடதாசிக்கட்டு வந்து சேர்ந்தது. எல்லா அனுமதியும் எடுத்துவிட்டா. மனைவி என்று பன்னிரண்டு வருடம் வராத கடதாசி, நண்டுக்கறிக்கு மூன்று மாதத்தில் வந்துவிட்டது. முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன்.

எனக்கு அங்கே உறவினர் இருப்பதைக் காட்ட, உங்கள் விசா அட்டைகளின் பிரதிகளையும் மதாம் வைத்திருந்தா. எனக்குப் பிரெஞ்சு தெரியாது, இலக்கம் தெரியும். முதலாவது அட்டையில் 11.03.2019 என்று இருந்தது. பக்கத்து வீட்டுத் தனுஷாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் போனை அதன்மேல் பிடித்துத் தமிழில் மாற்றி வாசித்தாள். பிறகு, "அக்கா, இது அண்ணைக்கு விசா குடுத்த திகதி. இதை வைச்சுக்கொண்டு ஊருக்கு வந்து போகலாம். உங்களையும் கூப்பிட்டிருக்கலாம்" என்றாள்.

ஆறு வருடம், அத்தான். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. ஒரு பிள்ளை பெற்றுக்கொள்ளக் காலம் இருந்தது. இப்போது அது இல்லை.

ஏன் என்று மட்டும் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம்.

தயா

மதிரான்
04.05.2025

அன்பின் தயா,

உண்மைதான். 2019 இல் கிடைத்தது. வேறு பெண் யாரும் இல்லை, அதையாவது நம்பும்.

அப்போது நான் இருந்த இடம் உமக்குக் காட்டக்கூடியதாக இல்லை. வைன் பீப்பாய் அடுக்கும் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு கட்டில், அவ்வளவுதான். நல்ல வீடு எடுத்துவிட்டுச் சொல்வோம் என்று இருந்தேன். வீடும் கிடைத்தது. அதற்குள் தனியே சமைத்து, தனியே சாப்பிட்டு, ஒருவரோடும் கதைக்காமல் படுக்கப் பழகிவிட்டேன். நீர் வந்தால் மறுபடியும் ஒருத்திக்குக் கணவனாக இருக்க வேண்டுமே என்று நினைத்தாலே களைப்பாக இருந்தது. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளினேன். ஊருக்கு வந்தால் உம்முடைய முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குப் பயந்து வரவும் இல்லை.

விருந்தன்று எல்லோரும் உம்மைப் புகழ்ந்தபோதுதான் எனக்கு வெட்கம் வந்தது. இப்போது மனதார வரச் சொல்கிறேன். வீட்டில் பெரிய அறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன். வராமல் விட்டுவிடாதேயும், தயா.

மயூரதன்

புத்தூர்
27.05.2025

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். இந்தமுறை பொய் எழுதவில்லை, அதற்கு நன்றி. எனக்குக் கோபம் இல்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டும். இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு வடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அது மிச்சம் இருப்பதில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டேன். நான் வருகிறேன். ஆறு வருடத்துக்கு முன் நீங்கள் வா என்றிருந்தால் மாற்றுடுப்புக்கூட எடுக்காமல் வந்திருப்பேன், அந்தக் கொட்டிலில் படுத்திருப்பேன். நீங்கள் கூப்பிடவில்லை. கூப்பிட்டது மதாம், சமையலுக்கு. ஆகவே சமையல்காரியாகவே வருகிறேன். தனுஷாவைக் கொண்டு மதாமுக்கு எழுதி, தங்குவதற்குத் தனி இடம் கேட்டேன். சாப்பாட்டுக்கடைக்கு மேலே ஒரு அறை இருக்கிறதாம். தருவதாக எழுதியிருக்கிறா.

பெரிய அறையில் நீங்களே படுத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் கடைக்கு வந்தால் மற்ற வேலையாட்களுக்குப் போடுவதுபோல உங்களுக்கும் சாப்பாடு போடுவேன், குறை வைக்கமாட்டேன். உங்களை எதிரியாக நினைக்கவில்லை. உங்களுக்காகக் காத்திருந்து காத்திருந்து நானும் தனியே இருக்கப் பழகிவிட்டேன், அவ்வளவுதான்.

ஆனி மாதம் இருபத்தெட்டாம் திகதி விமானம். மதாமின் மகன் காரோடு வந்து கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம்.

தயாளினி