வரிசையை மாற்றியது நான்தான், நைனா

என் அருமை நைனா,

கடைசியாக நீ டெல்லிக்குக் கிளம்பிய காலையில் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: கேள்விகளின் வரிசையை மாற்றியது நான்தான். சொல்ல வாயெடுத்தேன். நீ காருக்குள்ளிருந்து, "மலரு, மூக்குக் கண்ணாடிய வுட்டுட்டேன், எட்த்துனு வா" என்றாய். ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன். கார் திரும்பிப் போய்விட்டது.

உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. எங்கள் தெரு திருவொற்றியூரின் தென்கோடியில், கடலோரச் சாலையை ஒட்டி இருக்கிறது. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் அந்தச் சாலையில் ஆம்புலன்ஸ் நகராது. சைரன் மட்டும் ஒரே இடத்தில் நின்று கத்திக்கொண்டிருக்கும். தெருமுனையில் மத்திய அரசின் கிடங்கு வளாகம் ஒன்று உண்டு. அதன் பின்பக்கக் கேட்டைத் திறந்துவிட்டால் உள்சாலை வழியாகக் கால் மணி நேரத்தில் ராயபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். அந்தக் கேட்டை என்றைக்கும் பூட்டியே வைத்திருக்கிறார்கள்.

அதனால் எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு வழக்கம். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு ராயபுரத்தில் யாராவது உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். 'அந்தாண்ட போறது' என்று அதற்குப் பெயர். வளைகாப்புக்கு நாள் பார்க்கும்போதே அந்தாண்ட போகும் நாளையும் பார்த்துவிடுவார்கள். அம்மாவும் அக்காவையும் என்னையும் அந்தாண்ட போய்த்தான் பெற்றாள்.

மாநிலங்களவையில் உன் முதல் கேள்வியே அதுதான். அவசர ஊர்திகளுக்காக அந்தக் கேட்டைத் திறக்க அரசு முன்வருமா? இல்லையெனில் காரணம் என்ன? மீன்பிடித் தடைக்கால நிவாரணம், ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்பு, ரயில் பாதை என்று எவ்வளவோ கேட்டாய். மசோதாக்களின் மீது எத்தனையோ முறை பேசினாய். ஆனால் எந்தக் கூட்டத்தொடரானாலும் கேட் வந்துவிடும். ஒரு பத்திரிகை உன்னை 'கேட் எம்.பி.' என்று கேலி செய்தது. டீக்கடையில் சேகர் மாமா அதைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா கேட் எம்.பி., சாவி கிட்ச்சிதா?"

"சாவி அவங்கிட்ட கீது மாமு. கேள்வி எங்கிட்ட கீது" என்று நீ டீயை ஆற்றுவாய். பக்கத்தில் நின்ற எனக்கு உடம்பெல்லாம் கூசும். உனக்குக் கூசவே கூசாதா, நைனா?

உன் கேள்விகளை அவையின் இணையதளத்தில் பதிவது என் வேலை. ஓர் உறுப்பினருக்கு ஒரு நாளைக்கு ஒரு நட்சத்திரக் கேள்விதான். முதல் விருப்பமாகக் குறிப்பது எதுவோ, குலுக்கலில் பெயர் வந்தால் அதற்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். துணைக்கேள்வி போட்டு மடக்கலாம். மற்றவற்றுக்கு எழுத்தில் ஒரு பதில் வரும். நீ எப்போதும்போல் கேட்டை முதலாவதாகச் சொன்னாய். நான் அதை இரண்டாவதாகத் தள்ளிவிட்டு, துறைமுகத்தின் பழைய பதிவேடுகளைப் பாதுகாப்பது பற்றி நான் எழுதித் தந்திருந்த கேள்வியை முதலில் வைத்தேன். எத்தனையோ புத்தகங்களைப் படித்துவிட்டு, உயிரைவிடக் காகிதத்தை முன்னால் வைத்தேன்.

அந்த முறைதான் குலுக்கலில் உன் பெயர் வந்தது. பல கூட்டத்தொடர்களுக்குப் பிறகு, அந்த முறைதான்.

பட்டியலைப் பார்த்துவிட்டு நீ அம்மாவிடம் சொன்னது அடுத்த அறையிலிருந்த என் காதில் விழுந்தது. "கேட் கேள்விய எழுத்து பதிலுக்குத் தள்ளிட்டானுங்க. திரும்பத் திரும்பக் கேக்கறேன்னு ஆபீஸ்ல கட்ப்பாயிருப்பாங்க. வுடு, அடுத்த தபா பாத்துக்கலாம்." ஒரு கணம்கூட உனக்கு என் மேல் சந்தேகம் வரவில்லையா? வந்தும் கேட்காமல் விட்டாயா?

பதிவேட்டுக் கேள்வியை நீ அழகாகத்தான் கேட்டாய். மேசைகளைத் தட்டினார்கள். கேட்டுக்கு எழுத்தில் ஒரு வரி வந்தது: 'கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.' அடுத்த கூட்டத்தொடருக்கு ஒன்பது நாள் இருந்தபோது நீ தூக்கத்திலேயே போய்விட்டாய்.

அவையில் உனக்கு இரங்கல் குறிப்பு வாசித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். எந்தெந்தக் குழுக்களில் இருந்தாய், எந்தெந்த விவாதங்களில் பங்கெடுத்தாய் என்று எல்லாம் சொன்னார்கள். பிறகு எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். கேட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் எழுந்து நின்றேன். சாந்தி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

இந்தக் கூட்டத்தொடர் தொடங்கியபோது அவளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது. அந்தாண்ட போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

"பரிசீலனைன்னு எழுதிக் குட்த்தா பாதி தொறந்த மாரின்னு நைனா எங்கிட்ட சொன்னாரு. தொறப்பானுங்க. மொத வண்டில நான்தான் போவேன்."

"வலி எட்த்தா உங்க நைனாவா வந்து வண்டி வுடுவாரு?" என்று அம்மா கத்தினாள். "ஒம்பது மாசம் ஆச்சி, மூட்ட கட்டுடின்னா கத சொல்லிகினு கீறா. நீயாவது சொல்லேன் மலரு. ஊமச்சி மாரி நிக்கிற."

சாலையில் சைரன் கேட்டால் எழுந்துபோய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன். அவள் வெறுமனே இருமினாலும் ஓடிப்போய் நிற்பேன். உன் சொல்லை நம்பி அவள் உட்கார்ந்திருக்கிறாள், அந்தச் சொல்லைக் கெடுத்த நான் அதே வீட்டில் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

ராஜையா அண்ணாச்சியிடம் போனேன். உன்னோடு அவையில் சண்டை போட்டுவிட்டு வெளியே வந்ததும் உனக்குக் காபி வாங்கிக் கொடுப்பாரே, அவரேதான். எதிர்க்கட்சிக்காரர், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் பருப்பு மண்டி நடத்துகிறவர். மண்டியில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உன்னிடம் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

"இத எங்கிட்ட எதுக்குச் சொல்லுத?" என்றார். "உங்கய்யாட்டல்லா சொல்லியிருக்கணும்."

"இந்த முறை நீங்க கேக்கணும் அண்ணாச்சி. முதல் விருப்பமா."

"என் மொதக் கேள்வி பருப்பு எறக்குமதிம்மா. அதை நம்பிச் சங்கத்துல அம்பது பேரு இருக்கான். பின்னால தள்ளுனா என்னைய மண்டிக்குள்ள விட மாட்டான்." கொஞ்ச நேரம் தாடையைத் தேய்த்தார். "உங்கய்யாவ அவையில நான் என்னெல்லாமோ பேசியிருக்கேன். சரி, உக்காரு. நீயே அடி. இந்தத் தடவையாவது ஒழுங்கா அடி."

அவருடைய கணினியில் வரிசை எண்ணை மூன்று முறை சரிபார்த்தேன். நட்சத்திரப் பட்டியலில் அவர் பெயர் வந்தது. எட்டாவது கேள்வி. அக்காவுக்கு இன்னும் பதினெட்டு நாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேள்வி நாளுக்கு ஏழு நாள். நான் இரண்டு கணக்கையும் போட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்த நாள் கேள்வி நேரம் தொடங்கியதும் வேறொரு பிரச்சினைக்காக அவையின் நடுப்பகுதிக்கு வந்து கோஷம் போட்டார்கள். இரண்டாவது கேள்விக்கு மேல் போகவில்லை. அவையை ஒத்திவைத்தார்கள். கேட்கப்படாத நட்சத்திரக் கேள்விகளுக்கான பதிலை எழுத்தில் வைத்துவிடுவது வழக்கமாம். மாலையில் அண்ணாச்சி போனில் வாசித்தார். 'கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.' ஓர் எழுத்துகூட மாறவில்லை, நைனா.

மறுநாள் மதியம் அக்கா பழைய வேட்டியைக் கிழித்துக் குழந்தைத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உன் வேட்டி. எதிரில் உட்கார்ந்தேன்.

"அக்கா, அது தொறக்காது. நைனாவுக்கு ஒரு தபாதான் சான்ஸ் வந்துச்சி. நான்தான் கேள்விய மாத்திப் போட்டுட்டேன்."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "எதுக்கு?"

"வெக்கமா இருந்துச்சி."

"யாருக்கு, நைனாவுக்கா?"

"எனக்கு."

"நைனாவுக்குத் தெரியுமா?"

"சொல்லல."

துணியை முழங்காலில் வைத்து நீவினாள். "படிச்ச பொண்ணுன்னு உன்ன நம்பி வுட்டாரு பாரு, அவர சொல்லணும்" என்றாள். வெகுநேரம் என்னைப் பார்க்கவில்லை. பிறகு அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "பைய எட்த்துனு வா. மூணு மணிக்கு லாரி கம்மியா இருக்கும். ஆட்டோ சொல்லு."

நைனா, எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. எதிர்வீட்டு ரேவதிக்கு ஏழாம் மாதம். அவளுக்கு அந்தாண்ட யாரும் இல்லை. அங்கே ஒரு வீடு கேட்டு வைத்திருக்கிறேன், உறுதியாகவில்லை. அண்ணாச்சிக்கு இன்னும் இரண்டு வருடம் பதவி இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் போய் அவர் மண்டியில் உட்காருவேன். அவருக்குப் பிறகு வருகிறவர் யாரானாலும் அவர் வாசலில் போய் நிற்பேன். அதே கேள்வியை, அதே வார்த்தைகளில், முதலாவதாகக் குறிக்கச் சொல்வேன். என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டாலும் சரி.

அக்கா அன்று மூன்று மணிக்கு ராயபுரத்துச் சின்னம்மா வீட்டுக்குப் போனாள். ஆறாம் நாள் விடியற்காலை வலி எடுத்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனாள். பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். அக்கா என்னோடு இன்னும் பேசவில்லை. கேட் பூட்டியிருக்கிறது.

உன் சின்ன மகள்,
மலர்